புது மீட்டருக்கு முன்னால் பழைய நியூட்ரலைப் பாருங்கள்: மின் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் மேலாண்மை இயக்குநருக்கும் வணக்கம்.

அளவைத் தானாகவே அலுவலகத்துக்கு அனுப்பும், அங்கிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் இடம் தரும் ஸ்மார்ட் மீட்டருக்கான டெண்டர் 2024 டிசம்பரில் விலை அதிகம் என்று ரத்தானது. அதிலிருந்து ஊரில் நடக்கும் பேச்சு முழுக்க ஒப்பந்தம் யாருக்கு, ஒரு மீட்டர் என்ன விலை, தனியாரிடம் கொடுக்கலாமா என்பதிலேயே நிற்கிறது. மக்கள் பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் யார் வாங்கி யார் மாட்டினாலும், சுவரில் ஏறிய மறுநாள் அந்த மீட்டர் என்ன செய்யும் என்பதைச் சட்டமன்றத்திலும் யாரும் கேட்பதில்லை, டீக்கடையிலும் கேட்பதில்லை. மீட்டர் பெட்டி, சர்வீஸ் வயர், மாடிச் சோலார் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மீட்டரை மாற்றும் முன் வீட்டு வயரிங்கையும் தெரு டிரான்ஸ்பார்மரையும் கட்டண விதியையும் சரிபாருங்கள். பழைய மீட்டர் கண்டுகொள்ளாமல் விட்ட பிழைகளைப் புது மீட்டர் பில்லில் ஏற்றிவிடும்.

முதலில் நியூட்ரல். ஒருமுனை ஸ்மார்ட் மீட்டருக்குள் மின்னோட்டத்தை அளக்க இரண்டு இடம் உண்டு: ஒன்று மின்சாரம் உள்ளே வரும் பேஸ் வயரில், இன்னொன்று அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. வேறுபட்டால், எது அதிகமோ அதை வைத்து மீட்டர் கணக்கெழுதும். திருட்டைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது. மீட்டரிலிருந்து பேஸை மட்டும் எடுத்து, நியூட்ரலை எர்த்தில் போட்டு ஓட்டுபவர்களும், நேரெதிராகச் செய்பவர்களும் இதில் மாட்டுவார்கள். ஏற்பாட்டில் தவறில்லை.

தவறு நம் வீடுகளில் இருக்கிறது. பூர்வீக வீட்டை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டு கீழே ஒரு சர்வீஸ், மாடியில் ஒரு சர்வீஸ் என்று வாங்கியிருப்பார்கள். பேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டிருப்பார் வயரிங் செய்தவர். படிக்கட்டு விளக்கு, பொது மோட்டார், வாடகைக்கு விட்ட பின்கட்டு என்று நியூட்ரல் கலப்பதற்கு இன்னும் பல வழிகள் உண்டு. சக்கரம் சுற்றும் பழைய மீட்டருக்குப் பேஸ் மட்டுமே தெரியும் என்பதால் முப்பது வருடம் ஓடியும் யாருக்கும் தெரியாமல் போகும்.

இப்போது மாடியில் ராத்திரி ஏ.சி. ஓடுகிறது, 5 ஆம்பியர். அது முழுக்கக் கீழ்வீட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடி மீட்டருக்குப் பேஸில் 5, நியூட்ரலில் பூஜ்யம். அது 5 ஆம்பியருக்கு எழுதும். கீழ்வீட்டில் எல்லாரும் விளக்கணைத்துப் படுத்துவிட்டாலும் அங்கே பேஸில் பூஜ்யம், நியூட்ரலில் 5. அதுவும் 5 ஆம்பியருக்கு எழுதும். ஒரே மின்சாரத்துக்கு இரண்டு பில். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஆறு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 6.9 யூனிட், அறுபது நாளில் 414. கீழ்வீட்டுக்காரர் பிரிவு அலுவலகத்துக்கு ஓடிவந்து மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பார். மீட்டரைச் சோதித்தால் மிகச் சரியாக இருக்கும்.

இந்த இடத்தில் விதியும் கைகொடுக்காது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று புகார் வந்தால் 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட வேண்டும். நல்ல விதி. ஆனால் கூடுதலாக மாட்டுவதும் இதே ரகம் என்றால் அதுவும் நியூட்ரலைப் பார்த்து அதே பிழையை எழுதும். இரண்டும் ஒத்துப்போகின்றன, புகார் முடிக்கப்பட்டது என்று கடிதம் போய்விடும். 2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தபோது, பழைய மீட்டரையும் கூடவே மாட்டிக் காட்டித்தான் நம்பிக்கை வரவைக்கப் பார்த்தார்கள். அந்த நிலை இங்கே வர வேண்டாம்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. மீட்டரை மாற்றும் ஆள் பேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட வேண்டும். வீட்டில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பக்கத்து வீட்டிலும் ஓட வேண்டும். வயரிங் சரியாக இருந்தால் அளவு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று காட்டினால் நியூட்ரல் கலந்திருக்கிறது அல்லது எர்த்தில் கசிகிறது. இரண்டே நிமிடம். இந்த அளவை எழுத, மீட்டர் மாற்றும் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும். அளவு தவறினால் மீட்டரை மாற்றாமல் வீட்டுக்காரரிடம் சீட்டு கொடுத்து முப்பது நாள் அவகாசம் தர வேண்டும். மீட்டருக்குப் பிந்தைய வயரிங் நுகர்வோர் பொறுப்பு என்பது எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமலே மாட்டிவிட்டு வருவது எந்த விதியிலும் இல்லை.

கருவி இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒரு வழி உண்டு, அதை மீட்டரோடு தரும் துண்டுத்தாளில் தமிழில் அச்சிடலாம். மெயினை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, பேஸில் மட்டும் உள்ள எம்.சி.பி.களை (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்சுகளை) எல்லாம் இறக்குங்கள். பேஸ் அறும், நியூட்ரல் அறாது. அதன்பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டினால் உங்கள் நியூட்ரலில் வேறு யாருடைய மின்சாரமோ போகிறது. மீட்டரே வேகமாக ஓடுகிறதா என்று பார்க்கவும் அதே விளக்கு போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே இருக்கும். 3200 என்றிருந்தால், 1000 வாட் ஹீட்டரை மட்டும் போட்டு எண்ணும்போது நிமிடத்துக்கு 53 அளவில் வர வேண்டும். வோல்ட்டேஜ் ஏற இறங்கச் சிறிது மாறும், எழுபது வராது.

மாட்டும் வேலையிலேயே இன்னொரு பிசகு. நம் சர்வீஸ் வயர்களில் பெரும்பாலானவை அலுமினியம், மீட்டர் டெர்மினல் பித்தளை. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு ஓடும் ஒப்பந்த ஆள் பழைய கறுத்த முனையை வெட்டாமல், சுரண்டாமல் அப்படியே சொருகி முறுக்குவார். அலுமினியம் நாளாக நாளாக அமுங்கித் தளரும், தளர்ந்த இடம் சுடும், சுட்டால் இன்னும் தளரும். கோடையில் ஏ.சி. ஓடும்போது டெர்மினல் உருகும். மீட்டர் தரமில்லை என்று பேர் வரும். முனையை வெட்டிப் புதிதாகச் சீவுவது, இரண்டு ஸ்குரூவையும் முறுக்குவது, பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் படமெடுத்து வீட்டுக்காரர் கையெழுத்து வாங்குவது, எல்லாம் சேர்த்து ஒரு மீட்டருக்கு இருபது நிமிடமாவது பிடிக்கும். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை மீட்டர் மாட்டலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு வையுங்கள்.

அடுத்தது, அலுவலகத்திலிருந்தே இணைப்பை அறுக்க மீட்டருக்குள் இருக்கும் சுவிட்ச். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 தெளிவாகச் சொல்கிறது: பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முழுதாக 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு வேண்டும். பிரிவு 47(5) முன்கட்டண மீட்டரைப் பற்றிப் பேசும்போது, அதை ஏற்கத் தயாராக இருக்கும் நுகர்வோரிடம் காப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது. அதாவது அது நுகர்வோர் விருப்பம் என்றே நாங்கள் படிக்கிறோம். இருப்பு தீர்ந்ததும் தானாக அறுக்கும் முறை இந்த இரண்டு பிரிவோடும் எப்படிப் பொருந்தும் என்று ஆணையம் எழுத்தில் சொல்லட்டும்.

2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று, உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சம் அளவிலான வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர்கள் ஒரே வீச்சில் இணைப்பைத் துண்டித்தன. பாக்கி இருந்தவர், இல்லாதவர் என்ற பேதமில்லை. தவறான கட்டளை ஒன்று போனதுதான் காரணம். அந்த அரசு மீட்டர் பொருத்துவதையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. எந்த லைன்மேனும் ஒரு மாலையில் ஒன்றரை லட்சம் பீஸ் கட்டையைப் பிடுங்க முடியாது. மனிதக் கை மெதுவாக இருந்ததே ஒரு பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்பை இனி மென்பொருளில் எழுதி வைக்க வேண்டும். துண்டிப்புக் கட்டளைக்கு இரண்டு அதிகாரிகளின் ஒப்புதல். ஒரு பிரிவு அலுவலக எல்லையில் ஒரு மணி நேரத்துக்கு மொத்த இணைப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் கட்டளை வந்தால் அமைப்பே மறுத்து மணியடிக்க வேண்டும். மாலை ஐந்துக்குப் பிறகும் விடுமுறையிலும் துண்டிப்பு கிடையாது. ஆக்சிஜன் கருவி, வீட்டு டயாலிசிஸ் உள்ள வீடுகளுக்குத் தனிப் பட்டியல்.

களத்தில் இன்னொன்றும் நடக்கும். துண்டிக்கும் கட்டளை சிக்னல் நன்றாக இருந்த நேரத்தில் போய்ச் சேரும். பணம் கட்டிய பின் போகும் இணைப்புக் கட்டளை அடித்தளத்து மீட்டர் அறையின் இரும்புக் கதவைத் தாண்டாது. அடுக்குமாடிகளில் இது சர்வசாதாரணமாக வரக்கூடிய கோளாறு. பணம் கட்டி ஒரு மணி நேரத்துக்குள் மின்சாரம் வராவிட்டால், வயர்மேன் நேரில் வந்து மீட்டர் முகப்பில் கருவியை இணைக்கும் ஆப்டிகல் போர்ட் வழியாக இணைப்பைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு எல்லாப் பிரிவு அலுவலகத்திலும் இருக்க வேண்டும். ரீடிங் வராத மாதத்தில் உத்தேச பில் போடுவதையும் தடை செய்யுங்கள். சிக்னல் போனாலும் கணக்கு மீட்டரின் நினைவில் பத்திரமாக இருக்கும், ஆள் போய் எடுக்க வேண்டியதுதான்.

இனி கட்டணம். 2022 செப்டம்பர் கட்டண ஆணையை எடுத்துக்கொள்வோம். அதன்பின் 2025 வரை விகிதம்தான் ஏறியது, அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் என்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25, அதற்கடுத்த இருநூறு 4.50, கடைசி நூறு 6 ரூபாய் வீதம், மொத்தம் 1,725 ரூபாய். 501 ஆனால் இரண்டாவது நூறுக்கும் 4.50 ஆகிவிடும், மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். கணக்கீட்டாளர் நான்கு நாள் தாமதமாக வந்தால் இந்தக் கோட்டைத் தாண்டும் வீடுகள் எத்தனையோ. இங்கே ஸ்மார்ட் மீட்டர் உண்மையிலேயே நன்மை செய்யும்: அறுபதாம் நாள் நள்ளிரவு அளவைத் தானாகப் பதிந்துகொள்ளும். அந்தத் தேதியையும் மணியையும் பில்லில் அச்சிடுங்கள். 400, 450, 490 யூனிட்டைத் தொடும்போது தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம், மனம் இருந்தால் போதும்.

மாதாமாதம் கணக்கெடுப்பு என்பது 2021 தேர்தலில் வாக்குறுதியாகவே வந்தது. ரீடிங் எடுக்க ஆளில்லை என்பது இதுவரை சொன்ன பதில். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அந்தப் பதில் செல்லாது. ஆனால் மாதக் கணக்கு வந்தால் பில் குறையும் என்று எல்லாக் கட்சியும் பேசுவதில் ஒரு பொறி இருக்கிறது. படிநிலைகளைப் பாதியாக்கி 50 இலவசம், 250-ல் கோடு என்று வைத்தால் பில் குறையாது, ஏறும். ஒரு வீடு மே மாதம் 300 யூனிட், ஜூனில் 150 யூனிட் ஓட்டுகிறது. இருமாதக் கணக்கில் 450 யூனிட், மேலே சொன்ன விகிதத்தில் 1,425 ரூபாய். மாதக் கணக்கில் மே மாதம் 250-ஐத் தாண்டி 1,375, ஜூனுக்கு 337.50, ஆக 1,712.50. வெயிலில் ஒரு மாதம் ஏ.சி. போட்டதற்கு 287.50 அபராதம் மாதிரி. மாதக் கணக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படிநிலையை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மீட்டர் மாட்டும் முன்பே ஆணையாக வெளியிடுங்கள் என்கிறோம். 500 கோட்டை ஒரே தாவலாக இல்லாமல், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று மாற்றினால் பாதிப் புகார் குறைந்துவிடும்.

மாடிச் சோலாருக்கு வருகிறோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்றதும் தெருவுக்கு நாலு வீட்டில் பலகை ஏறுகிறது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே தேவையில்லை என்று அதே மாதத்தின் விதித் திருத்தம் சொன்னது. 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவு பகிர்மானக் கழகத்துடையது என்றும் சொன்னது. முதல் பாதி அமலாகிவிட்டது. இரண்டாம் பாதியை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

விளைவு நண்பகலில் தெரியும். தெரு லைனில் மூன்று பேஸ் உண்டு. நம் விநியோக டிரான்ஸ்பார்மரின் வெளியீடு சுமையில்லாதபோது இரண்டு பேஸுக்கு இடையே 433 வோல்ட். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250. மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிப்படி வோல்ட்டேஜ் 230-ல் 110 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 253-ஐத் தாண்டினால், பலகையின் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலகிக்கொள்ள வேண்டும். மிச்சம் 3 வோல்ட்! பகல் பன்னிரண்டுக்கு எல்லாரும் வேலைக்குப் போய் வீடுகளில் சுமையில்லை, நாலு மாடியிலிருந்தும் மின்சாரம் லைனுக்குத் திரும்புகிறது, தெருக்கோடியில் வோல்ட்டேஜ் 256. இன்வெர்ட்டர்கள் அணைவதும் ஏறுவதுமாக இருக்கும். வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் மட்டம் என்று கம்பெனியோடு சண்டை போடுவார்; வெயில் உச்சத்தில் வர வேண்டிய யூனிட்டுகள் போய்விடும்.

இதில் பாதி எங்கள் தொழிலில் உள்ளவர்களின் சிக்கனம். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் 13 ஆம்பியர் தள்ளும். மாடியிலிருந்து மீட்டர் வரை 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் வயரிலேயே 4.8 வோல்ட் ஏறும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 2 வோல்ட். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நண்பகல் உற்பத்தி போகிறது. ஒப்புதல் படிவத்தில் வயர் அளவையும் நீளத்தையும் கேளுங்கள். மீதிப் பாதி உங்களுடையது: வெளியீட்டு வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் டேப் மாற்றி உள்ள டிரான்ஸ்பார்மர்களில் ஒரு படி இறக்கினால் 2.5 சதவீதம், பேஸுக்கு ஆறு வோல்ட் குறையும். மாலைச் சுமையில் தெருக்கோடி வீட்டுக்கு வோல்ட்டேஜ் தாழாதா என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். எல்லாச் சோலாரும் ஒரே பேஸில் குவிந்திருந்தால் பிரித்துப் போடலாம். இதற்கெல்லாம் எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மரில், எந்த பேஸில் என்ற பட்டியல் வேண்டும். அதனால்தான் வீட்டு மீட்டருக்கு முன் டிரான்ஸ்பார்மர் மீட்டரைப் போடுங்கள் என்கிறோம். இலவச மின்சாரம் பெறும் பம்ப்செட்டுகள் உண்மையில் எவ்வளவு எடுக்கின்றன, லைனில் எவ்வளவு வீணாகிறது என்ற பழைய அரசியல் சண்டைக்கும் விடை அங்கேதான் கிடைக்கும், ஒரு விவசாயியின் கொட்டகைக்குள்ளும் நுழையாமலே.

சோலார் வீட்டில் மீட்டரை மாற்றும்போது ஒரு அமைப்பை மறந்தால் பெரிய அநியாயம் நடக்கும். ஸ்மார்ட் மீட்டரை இரண்டு முறையில் அமைக்கலாம். ஒன்றில் உள்ளே வருவதும் வெளியே போவதும் தனித்தனியாக எழுதப்படும். இன்னொன்றில் எந்தத் திசையில் போனாலும் நுகர்வாகவே எழுதப்படும்; வயரைத் திருப்பிப் போட்டு ஏமாற்றுவதைத் தடுக்க வந்த முறை அது. சாதாரண வீட்டுக்கான பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சோலார் வீட்டில் மாட்டிவிட்டால், வீட்டுக்காரர் உங்களுக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு அவரிடமே காசு கேட்பீர்கள். மாட்டிய அன்றே நல்ல வெயிலில் வீட்டுச் சுமையை அணைத்து, ஏறுவது ஏற்றுமதி எண்ணா இறக்குமதி எண்ணா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நேரத்துக்கு நேரம் கட்டணம் என்பதை வீடுகள் மேல் இப்போதே ஏற்ற வேண்டாம். 2023 ஜூன் திருத்தம் சூரிய நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்கிறது. சமையலும் குழந்தைகள் படிப்பும் மாலையில்தான் நடக்கும், அதை நகர்த்த முடியாது. தண்ணீர் மோட்டாரைப் பகலுக்கு மாற்றினால் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்தில் ஐம்பது, அறுபது ரூபாய் மிஞ்சும், அவ்வளவுதான். விரும்புகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். நகர்த்தக்கூடிய பெரிய சுமை உங்கள் பக்கத்து அலுவலகங்களில் இருக்கிறது: உள்ளாட்சிகளின் மேல்நிலைத் தொட்டி மோட்டார்கள், கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்கள், பேருந்து சார்ஜிங். மே முதல் செப்டம்பர் வரை காற்றும் வெயிலும் ஒன்றாக வரும் நண்பகல்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போடுவதைவிட, அந்த மோட்டார்களைப் பதினொன்றுக்கு ஓடச் சொல்வது சுலபம்.

அரை மணிக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 48 எண். வீடு எப்போது பூட்டியிருக்கிறது, எத்தனை மணிக்கு ஆள் வருகிறார் என்பதெல்லாம் அதில் தெரியும். தேர்தல் காலத்தில் அப்படிப்பட்ட பட்டியலின் மதிப்பை அரசியல் தெரிந்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பில்லுக்குத் தேவை இருமாதத்துக்கு ஒரு எண். மீதியைக் கேட்டு எடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கும், நீதிமன்ற உத்தரவோடு வருபவருக்கும் மட்டும் என்று டெண்டர் நிபந்தனையில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு தகவல் கேட்கிறோம். சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் முன்னோட்டமாக ஏற்கெனவே சுவரில் இருக்கின்றன. அவற்றில் மாதந்தோறும் எத்தனை சிக்னல் தரவில்லை, எத்தனை டெர்மினல் எரிந்தது, எத்தனை புகாரில் பேஸ்-நியூட்ரல் வித்தியாசம் பதிவாகியிருந்தது, எத்தனை சோலார் வீட்டில் முறை தவறியிருந்தது என்ற கணக்கைப் பிரிவு அலுவலகம் வாரியாக வெளியிடுங்கள். அந்தப் பதிவுகள் உங்கள் சர்வரிலேயே கிடக்கின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதன் மேல் ஒரு பொது விசாரணை நடத்துங்கள். கிளாம்ப் மீட்டரோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
மீட்டர், வயரிங், மாடிச் சோலார் வேலைகளில் இருப்பவர்கள்